அனுப்பியாச்சு சரி... போய்ச் சேர்ந்துச்சா?

ஆணி கொஞ்சம் அதிகமா இருந்ததால இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியலை. இந்தப் பதிவும் ஆணி சம்பந்தப்பட்டதுதான். ஆனா பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், நிரல் வரி ஒன்னுகூட வராது :-)

இணையத்துல தமிழ்ல எழுதியிருக்கற வாக்கியங்கள்லயே எனக்கு நம்பிக்கை கம்மியான வாக்கியம் எதுன்னு கேட்டா யோசிக்காம சொல்லுவேன்: "உங்கள் கோப்பு வெற்றிகரமாக அனுப்பப்பட்டது." பக்கத்துல ஒரு பச்சை டிக் வேற. எங்க அனுப்பப்பட்டது? யாருக்கு? போய்ச் சேர்ந்துச்சா? திறக்க முடிஞ்சுதா? ஒன்னும் சொல்லாது. அந்த வரியை எழுதற ஆள் என்னை மாதிரி ஒரு பொட்டி தட்டிதான். பல தளங்கள்ல அந்த வரி திரையில வர்ற நொடியில கோப்பு எங்க இருக்குன்னு அந்த நிரலுக்கே தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்குப் பேர் பொய். சின்னப் பொய்தான், ஆனா அதை நம்பி ஒருத்தர் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடறார். என் கட்சி இதுதான்: சேரவேண்டிய இடத்துல கோப்பு சேர்ந்ததுக்கு ஆதாரம் கிடைக்கற வரைக்கும் 'வெற்றி'ன்னு சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலான்னு கேக்கறவங்களுக்கு எங்க ஊரைக் காட்டறேன்.

எங்க ஊர் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26ல விழுப்புரத்துலேர்ந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. டவுனுக்குள்ளயே கருணாபுரம் இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பேர் 2024 ஜூன்லதான் தெரியவந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு அங்கயும் அக்கம்பக்கத்துலயும் 65 பேருக்கு மேல செத்துப்போனாங்க. இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில இருந்தவங்களுக்கு 50 ஆயிரம்னு அரசாங்கம் அறிவிச்சது. அந்தச் சாவுகளைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, அதை வச்சு நான் பதிவு தேத்தப் போறதில்லை. நான் சொல்ல வர்றது எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு விஷயம். ஒரு வீட்டுல சாவு விழுந்தா, அழுது முடிக்கறதுக்குள்ள காகிதம் ஆரம்பிச்சிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக்கோட முதல் பக்கம். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணணும், ஏத்தணும், எங்கயாவது மெயில் பண்ணணும். புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா பிரவுசிங் சென்டர்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, "தம்பி, போயிடுச்சாப்பா?"ன்னு கேக்கும். அந்தத் தம்பி திரையைப் பார்த்துட்டு, "போயிடுச்சும்மா, டிக் வந்துடுச்சு"ன்னு சொல்லுவான். அவனைக் குத்தம் சொல்லமுடியாது. அவனுக்குத் தெரியறது டிக் மட்டும்தான்.

இன்னும் மேற்கே போனா கல்வராயன் மலை. 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை. 2024ல சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இந்த மலை ஜனங்களோட வாழ்க்கை நிலையை வழக்கா எடுத்து விசாரிக்க ஆரம்பிச்சது. வெள்ளிமலைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ஒரு சான்றிதழுக்காகக் கீழ இறங்கி வந்தா அன்னிக்குக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அவருக்கு அந்தப் பச்சை டிக் ஒரு நாள் சம்பளம். கோப்பு நடுவழியில காணாமப் போச்சுன்னா இன்னொரு நாள் சம்பளம்.

நிற்க. இப்ப கொஞ்சம் சரித்திரம், அப்பதான் பொய் எந்த இடத்துல நுழையுதுன்னு புரியும்.

மின்னஞ்சல் பிறந்தப்ப அதுல இணைப்பு அனுப்பற வசதியே கிடையாது. வெறும் ஆங்கில எழுத்து, அதுவும் 7 பிட்டுக்குள்ள. 1992ல நதானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட்னு ரெண்டு பேர் சேர்ந்து மைம்னு ஒரு முறையை எழுதினாங்க. அதே வருஷம் மார்ச் 11ஆம் தேதி போரன்ஸ்டீன் தன்னோட பாட்டுக் குழு படத்தையும் பாட்டையும் இணைப்பா அனுப்பிச்சார். மின்னஞ்சலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்கறதால படத்தை எழுத்தா மாத்தணும். அதுக்குத்தான் பேஸ்64. 3 பைட்டை எடுத்து 4 எழுத்தா மாத்தும். அதாவது மூணு மூட்டை சரக்கை நாலு மூட்டையாக் கட்டி ஏத்தற கதை. 10 எம்பி கோப்பு 13 எம்பிக்கு மேல போயிடும்.

அடுத்தது 1995 நவம்பர். ஜெராக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த நெபலும் லாரி மாசிண்டரும் ஆர்எஃப்சி 1867ன்னு ஒன்னு எழுதினாங்க. இணையப் படிவத்துலேர்ந்து கோப்பை ஏத்தற வழி அது. இன்னிக்கு நாம 'அப்லோடு' பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் ஓடறது அந்த மல்ட்டிபார்ட் ஃபார்ம்-டேட்டாதான். கடைசியா 2015ல ஆர்எஃப்சி 7578 ஆக அதைத் திருத்தி எழுதினதும் அதே மாசிண்டர்தான்.

இது எப்படி வேலை செய்யுது? ஒரு லாரியில நாலு வீட்டு மரவள்ளிக் கிழங்கு மூட்டை போகுதுன்னு வச்சுக்குங்க. யாரோடது எங்க முடியுதுன்னு தெரியணும். அதனால ஒவ்வொருத்தர் சரக்குக்கும் நடுவுல ஒரு நீலக் கயிறு போட்டுட்டு, "நீலக் கயிறு பார்த்தா அடுத்த ஆள் சரக்கு"ன்னு டிரைவர் முன்கூட்டியே சொல்லிடறார். அந்தக் கயிறுதான் பவுண்டரி. ஒவ்வொரு கட்டுக்கு மேலயும் ஒரு சீட்டு: இது எந்தப் புலம், கோப்போட பேர் என்ன, என்ன வகை. கடைசிக் கயிறுல ரெண்டு சின்னக் கோடு கூடுதலா இருக்கும், 'அவ்வளவுதான், லாரி காலி'ன்னு அர்த்தம். சரக்கை எழுத்தா மாத்தவேண்டியதில்லை, இருக்கறபடியே போகும். மூணு மூட்டை மூணு மூட்டைதான்.

மின்னஞ்சல் அனுப்பித்தர்ற சேவைகள்ல ரெண்டு வகையும் உண்டு. மெயில்கன் மல்ட்டிபார்ட்டா வாங்கிக்கும். செண்ட்கிரிட்டோட மூணாம் பதிப்பு, கோப்பை பேஸ்64 ஆக்கி ஜேசனுக்குள்ள திணிச்சுக் கொடுக்கச் சொல்லும். நம்ம ஜோஹோவோட ஜெப்டோமெயில்ல கோப்பை ஒரு தடவை ஏத்தி ஒரு சாவி வாங்கிக்கிட்டு, அப்புறம் மடல்ல அந்தச் சாவியைக் கோத்துவிடற வழியும் இருக்கு. எங்கிட்ட கேட்டா மல்ட்டிபார்ட்டுக்குத்தான் என் ஓட்டு. ஜேசன்ல திணிக்கறது எழுத சுலபம், ஆனா மொத்தக் கோப்பையும் நினைவகத்துல தூக்கி வச்சுக்கிட்டு மூணுல ஒரு பங்கு எடையை ஏத்தி அனுப்பணும். மல்ட்டிபார்ட்ல குழாய்ல தண்ணி ஓடற மாதிரி துண்டு துண்டா அனுப்பலாம். புதுசா எழுதறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: கன்டென்ட்-டைப் தலைப்பை நீங்களே கையால எழுதாதீங்க. எழுதினா எந்த நிறக் கயிறுன்னு சொல்றது விட்டுப்போகும், அந்தப் பக்கம் இறக்கறவன் மொத்த லாரியையும் ஒரே மூட்டைன்னு நினைச்சு முழிப்பான். நூலகமே கயிறு கட்டிக்கும், விட்டுடுங்க.

சரி, இப்ப பச்சை டிக் பொய் சொல்ற இடங்களுக்கு வருவோம். நாலு இருக்கு.

முதல் இடம், எடை. இன்னிக்கு சாதாரண ஃபோன்ல எடுத்த படமே 3, 4 எம்பி வரும். ஆனா பிஹெச்பியை அப்படியே நிறுவினா ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் அனுமதி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. என்ஜின்எக்ஸ்ல எதையும் மாத்தாம விட்டா 1 எம்பி. அதாவது ரேஷன் அட்டையைப் படம் பிடிச்சு ஏத்தினா வாசல்லயே மடக்கிடுவாங்க. அதைவிடக் கூத்து ஒன்னு இருக்கு. பிஹெச்பில மொத்த எடை அந்த 8 எம்பியைத் தாண்டினா, வந்த படிவமே காலியா உள்ள போகும். பேர் இல்லை, ஊர் இல்லை, கோப்பும் இல்லை. நிரல் எழுதினவர் அதைச் சோதிக்கலைன்னா, காலிப் படிவம் ஜம்முனு அடுத்த கட்டத்துக்குப் போய் பச்சை டிக்கும் வாங்கிக்கும்! இன்னொரு பக்கம் வங்கித் தேர்வு எழுதினவங்களைக் கேளுங்க. ஐபிபிஎஸ்ல படம் 20லேர்ந்து 50 கேபிக்குள்ள, கையெழுத்து 10லேர்ந்து 20 கேபிக்குள்ள இருக்கணும். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. படத்தைச் சுருக்கித் தர்றதுன்னே பிரவுசிங் சென்டர்ல ஒரு தொழில் நடக்குது. பெரிய படத்தை வாங்கிச் சுருக்கற வேலையை நம்ம வழங்கியே ஒரு நொடியில செய்யும். அந்த நொடியை மிச்சம் பிடிக்கறதுக்கு ஒரு மனுஷனோட அரை நாளைக் கேக்கறோம்.

ரெண்டாவது இடம், பேர். இது நமக்கே நமக்கான பிரச்சினை, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன். 'கருணாபுரம்'னு ஒரு கோப்புக்குப் பேர் வைங்க. கண்ணுக்கு 6 எழுத்து. ஒருங்குறியில 10 குறியீடு, ஏன்னா உகரக் குறி, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. யுடிஎஃப்-8ல 30 பைட். அதையே மின்னஞ்சல் தலைப்புக்காக விழுக்காட்டுக் குறி போட்டு எழுதினா 90 எழுத்து. லினக்ஸ்ல கோப்புப் பேருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, தமிழுக்கு 85 குறியீடு. "அம்மாவின் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் திருத்தியது கடைசி"ன்னு பேர் வைக்கற ஜனம் நாம. எல்லைக்குப் பக்கத்துல போயிடுவோம் :-)

நீளமாவது பரவாயில்லை. பாதுகாப்புங்கற பேர்ல நடக்கறதைப் பாருங்க. பைதான்ல வெர்க்சூக்னு ஒரு நூலகம், ஃபிளாஸ்க்ல எழுதறவங்க எல்லாரும் பயன்படுத்தறது. கோப்புப் பேரைச் சுத்தம் பண்ணித் தர ஒரு வசதி அதுல இருக்கு. ஆங்கிலம் இல்லாத எழுத்தையெல்லாம் தூக்கிடும். 'கருணாபுரம்.பிடிஎஃப்'ங்கற பேர்ல தமிழெல்லாம் போய் கடைசியில மிஞ்சறது வெறும் 'பிடிஎஃப்'. 'வெள்ளிமலை.பிடிஎஃப்' கொடுத்தாலும் அதே 'பிடிஎஃப்'தான். ஒரே இடத்துல அதே பேர்ல சேமிச்சா, வெள்ளிமலைக்காரர் கோப்பு கருணாபுரத்துக்காரர் கோப்பு மேல ஏறி உக்காந்துக்கும். முதல் கோப்பு காலி. ரெண்டு பேருக்கும் பச்சை டிக். பேர் ஒன்னாப் போகாமப் பார்த்துக்கறது உங்க பொறுப்புன்னு அந்த நூலகத்தோட ஆவணமே எச்சரிக்குது, படிக்கறவங்கதான் கம்மி.

சிலர் கொஞ்சம் புத்திசாலித்தனமா "எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும்"னு பைதான்ல ஒரு வடிகட்டி போடுவாங்க. அதோட கணக்குல 'க' எழுத்து, ஆனா உகரக் குறியும் காலும் புள்ளியும் எழுத்து இல்லை. வடிகட்டி முடிச்சா கருணாபுரம், 'கரணபரம' ஆயிடும். ஒரு ஊரையே குறியெல்லாம் இல்லாம மொட்டையடிச்சு அனுப்பற மாதிரி.

இன்னும் ஒன்னு. எங்க பக்கம் கோமுகி அணை இருக்கு. 'கோமுகி'யை 6 குறியீட்டுலயும் எழுதலாம், ஓகாரக் குறியை இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனின்னு பிரிச்சு 7 குறியீட்டுலயும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி. கணினிக்கு ரெண்டும் வேற வேற. பழைய மேக் கணினிகள் பேரைப் பிரிச்சுத்தான் சேமிச்சு வைக்கும். அங்கேர்ந்து வந்த கோப்பை இங்க தட்டச்சு பண்ணித் தேடினா 'இல்லை'ன்னு வரும். இருக்கும், ஆனா இல்லை.

படிவம் வழியா வரும்போது பேருக்கு ஒரு விதி, மின்னஞ்சலா வெளிய போகும்போது வேற விதி. நடுவுல இருக்கற நம்ம நிரல் ஒன்னை இன்னொன்னா மாத்தணும். மாத்தலைன்னா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். இ-கலப்பை காலத்துலேர்ந்து எழுதறவங்க யாரும் மறந்திருக்கமாட்டாங்க: தலையில கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து, வட்டத்துக்குள்ள ஆர் போட்ட முத்திரை, திரும்பவும் கோடு போட்ட எழுத்து, திரும்பவும் முத்திரை. எழுத்துருவை மாத்தி மாத்திப் பார்த்து வெறுத்துப்போன தலைமுறை நாம. தமிழ்நாடு அரசு 2010லயே ஒருங்குறியை ஏத்துக்கிட்டது. அதுக்கப்புறமும் ஒரு அதிகாரியோட பெட்டியில 'கோடு முத்திரை கோடு முத்திரை'ன்னு ஒரு இணைப்பு வந்தா அவர் என்ன நினைப்பார்? வைரஸ்னு நினைச்சுத் தூக்கிப் போடுவார். அவர் செஞ்சது தப்பும் இல்லை.

முன்ன ஒரு இடத்துல வேலை பார்த்தப்ப இதைப் பேசினேன். "யூசரை இங்கிலீஷ்ல பேர் வைக்கச் சொல்லுப்பா, முடிஞ்சுது"ன்னு பதில் வந்துச்சு. பேரனோட பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு 'பேரன் சான்றிதழ்'னு பேர் வைக்கற தாத்தாவை இங்கிலீஷ் படிச்சுட்டு வரச்சொல்றது ஒரு தீர்வு. பத்து வரி நிரலைத் திருத்தறது இன்னொரு தீர்வு. எது மலிவுன்னு அந்த அறையில எல்லாருக்கும் வேற கணக்கு இருந்துச்சு.

மூணாவது இடம், நேரம். மலைமேல சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஒரு மெகாபிட் வேகம் கிடைச்சாலே 10 எம்பி ஏற 80 நொடி ஆகும். அதையே பேஸ்64 ஆக்கி ஏத்தச் சொன்னா 107 நொடி. நடுவுல எங்கயாவது ஒரு இயந்திரம் "60 நொடிதான் காத்திருப்பேன்"னு கழண்டுக்கும். அப்ப ரெண்டுல ஒன்னு நடந்திருக்கலாம்: கோப்பு போகவே இல்லை, அல்லது கோப்பு போயிடுச்சு ஆனா 'போயிடுச்சு'ங்கற பதில் வரலை. ஏத்தின ஆளுக்கு ரெண்டும் ஒன்னுதான். திரும்ப அழுத்துவார். அந்தப் பக்கம் ஒரே மனு மூணு தடவை போய் நிக்கும். மூணு மனுவுக்கு மூணு எண் விழுந்து, "ஏற்கெனவே கொடுத்திருக்கீங்களே"ன்னு மூணையும் ஒதுக்கினாலும் கேக்க ஆளில்லை. ஒரே கோப்பு திரும்ப வந்தா அடையாளம் கண்டுபிடிக்கறது ஒன்னும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கோப்போட கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டு வச்சுக்கிட்டா, "இது ஏற்கெனவே எங்ககிட்ட வந்துடுச்சு, உங்க பழைய எண் இதுதான்"னு சொல்லிடலாம்.

நாலாவது இடம்தான் முக்கியம்: 202. நம்ம வழங்கி மடலையும் இணைப்பையும் சேவைக்காரர்கிட்ட கொடுக்குது. செண்ட்கிரிட் 202ன்னு பதில் சொல்லும். மெயில்கன் 200 கொடுத்துட்டு "வரிசையில வச்சிருக்கோம், நன்றி"ங்கற மாதிரி ஒரு வரி சொல்லும். 202ங்கறதுக்கு ஹெச்டிடிபி விதியிலேயே அர்த்தம், 'வாங்கிக்கிட்டேன், வேலை முடியலை, முடியும்னும் சொல்லமாட்டேன்'. வேணும்னே பட்டும்படாம எழுதின எண் அது. தபால் பெட்டியில கடிதம் 'தொப்'னு விழற சத்தம் அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் சேவைக்காரர் பெறுநரோட வழங்கிகிட்ட போவார். அங்க பெட்டி நிறைஞ்சிருக்கலாம், முகவரி தப்பா இருக்கலாம், இணைப்பு பெருசுன்னு தள்ளலாம். மொத்த மடல் 25 எம்பிங்கற எல்லை இருந்தா, பேஸ்64 வீக்கத்தையும் சேர்த்து கோப்பு 18 எம்பி தாண்டினாலே இடிக்கும். இத்தனையும் நடக்கறது பச்சை டிக் வந்து பல நிமிஷம் கழிச்சு. அந்த அம்மா அதுக்குள்ள பஸ் ஏறியிருக்கும்.

"அதுக்கு நாங்க என்ன செய்யறது?"ன்னு கேக்கற நண்பர்களுக்கு: அந்தத் தகவல் உங்களுக்கு வருது சாமி! சேர்ந்துச்சு, திரும்பி வந்துச்சு, கைவிட்டோம்னு ஒவ்வொரு மடலுக்கும் இந்தச் சேவைகள் நம்ம வழங்கியைக் கூப்பிட்டுச் சொல்லும். வெப்ஹுக்னு பேர். அதைக் கேக்கறதுக்கு ஒரு முகவரி கொடுத்து, மடல் எண்ணையும் மனு எண்ணையும் ஒரு அட்டவணையில ஜோடி சேர்த்து வச்சாப் போதும். ஒரு வாரத்து வேலைகூட இல்லை. பல திட்டங்கள்ல அது 'அடுத்த கட்டம்'ங்கற பட்டியல்லயே செத்துப்போகும். ஏன்னா காசு கொடுக்கறவர் பார்க்கற செயல்விளக்கத்துல பச்சை டிக் வந்துடுது. அவர் மனு போடமாட்டார்.

நம்ம ஊர்ல இதுக்கு முன்மாதிரி இல்லாம இல்லை. பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டைன்னு ஒன்னு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பெற்றவர் கையெழுத்துப் போட்ட அட்டை நம்ம வீட்டுக்குத் திரும்பி வரும். அதை டிரங்குப் பெட்டியில வச்சுப் பத்திரப்படுத்துவாங்க. 2025ல பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. ஆனா அந்த அட்டை சொல்லிக்கொடுத்தது மாறலை. அனுப்பினதுக்கு ரசீது தனி, சேர்ந்ததுக்கு ஒப்புகை தனி. தபால்காரருக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்துச்சு. பி.இ. படிச்ச நமக்குத்தான் ரெண்டையும் ஒரே டிக்ல அடைக்கத் தோணுது.

எதிர்வாதம் இல்லாமலா? இருக்கு. "பேரைச் சுத்தம் பண்ணலைன்னா எவனாவது பேர்லயே வேலையைக் காட்டிடுவான்"னு சொல்வாங்க. உண்மைதான். பேருக்குள்ள புள்ளி புள்ளி சாய்கோடு வச்சு வழங்கியோட வேற அடுக்குக்குள்ள கோப்பைத் தள்றது பழைய திருட்டு வேலை. ஆனா அதுக்கு மருந்து தமிழை அழிக்கறது இல்லை. நாமளே ஒரு எண் போட்டு அந்த எண்ணுல சேமிங்க. அவர் வச்ச பேரைத் தகவலா மட்டும் தரவுத்தளத்துல வைங்க. மின்னஞ்சல்ல இணைக்கும்போது அந்தப் பேரைத் திரும்ப ஒட்டுங்க. திருடனும் நுழையமாட்டான், தாத்தாவும் பேரை இழக்கமாட்டார்.

"சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு விவரம் சொன்னா குழம்பிடுவாங்க"ங்கறது இன்னொரு வாதம். இதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். சிட்ஃபண்டு கணக்கு, கந்துவட்டிக் கணக்கு, ரேஷன்ல எந்த மாசம் பாமாயில் விட்டுப்போச்சுங்கற கணக்கு எல்லாம் மனசுல வச்சிருக்கற ஜனம் இது. "உங்க கோப்பு எங்ககிட்ட வந்துடுச்சு. ஆபீசுக்கு இன்னும் போய்ச் சேரலை. சேர்ந்ததும் எஸ்எம்எஸ் வரும்"ங்கற மூணு வரியில குழம்ப என்ன இருக்கு? குழப்பம் அவங்களுக்கு இல்லை. அந்த மூணு வரியை எழுதினா அதுக்கப்புறம் கணக்குக் காட்டணும். அதுதான் நமக்குக் கஷ்டமா இருக்கு.

ஆக, படிவம் கட்டற நண்பர்களுக்கு நான் கேக்கறது பெரிசா ஒன்னும் இல்லை. திரையில நாலு நிலையைக் காட்டுங்க: பெற்றோம், அனுப்பிக்கிட்டிருக்கோம், சேர்ந்தது, திரும்பி வந்தது. ரசீதுல கோப்போட பேரை அவர் வச்ச தமிழ்லயே போடுங்க, அளவையும் எத்தனை பக்கம்னும் போடுங்க. 6 பக்கம் கொடுத்து 1 பக்கம்தான் வந்திருந்தா அவரே அங்கேயே கண்டுபிடிச்சிடுவார். எடை அதிகம்னா தமிழ்ல சொல்லுங்க, முடிஞ்சா நீங்களே சுருக்கிக்குங்க. நிரலைச் சோதிக்கும்போது 'டெஸ்ட்.பிடிஎஃப்'னு கொடுக்காம ஒரு தடவை 'கருணாபுரம்.பிடிஎஃப்', ஒரு தடவை 'கோமுகி.பிடிஎஃப்'னு கொடுத்துப் பாருங்க. அந்தப் பக்கம் மின்னஞ்சல்ல அதே பேரோட, அதே பக்கங்களோட திறந்தா, அப்ப போடுங்க உங்க பச்சை டிக்கை. நானே கைதட்டறேன்.

பிரவுசிங் சென்டர் வச்சிருக்கறவங்களோ, அப்லோடு பண்ணிப் பண்ணி நொந்தவங்களோ யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல உங்க அனுபவத்தைப் போட்டுட்டுப் போங்க. எந்தக் கோப்பு, என்ன அளவு, என்ன பிழைன்னு எழுதினா நாலு பொட்டி தட்டிகளுக்காவது உறைக்கும்.

டிஸ்கி: பிஹெச்பியையோ பைதானையோ திட்டற பதிவு இல்லை இது. கருவி தன்னோட எல்லையை ஆவணத்துலயே எழுதி வச்சிருக்கு. மேல டிக் போட்டது நாமதான்.